மருமவ பஸ்ஸுக்கு ஒரு குரல்

எங்கள் ஊரில் பஸ்ஸுக்கு நம்பர் கிடையாது, பேர்தான். ஜவ்வாது மலைக்கு ஏறி வரும் பஸ்கள் கொஞ்சம் என்பதால் ஆளுக்குப் பேர் வைப்பது போலவே வைத்துவிடுவார்கள். சாயங்காலம் ஆலங்காயத்திலிருந்து ஏறி வந்து, ராத்திரி ஊரிலேயே தங்கி, விடிகாலையில் இறங்கிப் போகும் பஸ்ஸின் பேர் 'நேத்து பஸ்'. நேற்று வந்த பஸ்தானே, அதனால். எங்கள் ஊர் என்றாலும் அது என் மனைவி பிறந்த ஊர், நான் ஆலங்காயத்துக்காரன். கல்யாணமான புதிதில் மாமனார், "மாப்ள, நேத்து பஸ்ஸுல போய்டுங்க, அதான் காலியா இருக்கும்" என்று சொன்னபோது, மனுஷர் என்னை ஓட்டிப் பார்க்கிறார் என்று நினைத்து முறைத்துக்கொண்டு நின்றேன். நேற்றைய பஸ்ஸில் இன்றைக்கு எப்படி ஏறுவது? உள்ளேயிருந்து என் மனைவி சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் எழுந்து குரைத்தது. அவள் குரல் அப்படி.

அந்தக் குரலைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு என் தொழிலைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஒரு வெளியூர்க் கம்பெனிக்கு மென்பொருள் எழுதுகிறவன். வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று ஆனதும் மனைவியின் ஊருக்கே குடிவந்துவிட்டோம். முன்னறையில் அவளுடைய தையல் மிஷின், ஜன்னலோரம் என் லேப்டாப். மலைக்கிராமங்களில் பாதிப்பேருக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள் அவள்தான். என் ஆபீஸ் மீட்டிங்குகளில் பின்னணியாக எப்போதும் மிஷின் ஓடும், அதற்கு மேலே அவள் பேச்சு ஓடும். "உங்கள் பக்கம் மழையா?" என்று ஒருமுறை மேனேஜர் கேட்டார்.

எனக்குக் கம்பெனியில் நல்ல பேர் வாங்கிக் கொடுத்தது ஒரே ஒரு காம்பொனென்ட், அதாவது எந்த மென்பொருளிலும் பொருத்திக்கொள்ளக்கூடிய ஒரு உதிரிபாகம். எக்ஸ்எம்எல் கோப்புகளை ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்றுகிற வேலை அதற்கு. எக்ஸ்எம்எல் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. அடுப்படியில் டப்பாக்களுக்குப் பேர் எழுதி ஒட்டி வைப்போமே, அதுதான். தகவல் ஒவ்வொன்றும் பேர் எழுதின டப்பாவுக்குள் இருக்கும், சின்ன டப்பா பெரிய டப்பாவுக்குள் இருக்கும். சிக்கல் என்னவென்றால், அனுப்புகிறவர் ஒட்டும் பேர் வேறு, வாங்குகிறவர் எதிர்பார்க்கும் பேர் வேறு. நடுவில் உட்கார்ந்து பேரை மாற்றி, வரிசையை மாற்றி, வேண்டாததைத் தள்ளி, புதுக்கோப்பாகக் கட்டிக் கொடுப்பது என் காம்பொனென்ட். எப்படி மாற்ற வேண்டும் என்ற விதிகள் தனி ஃபைலில் இருக்கும். ஆள் மாறினால் விதியை மட்டும் மாற்றினால் போதும், காம்பொனென்டைத் தொடவே வேண்டாம். ஒரு தடவை எழுதியதைப் பூ மண்டிக்கும் கொடுத்தோம், பார்சல் அனுப்புகிறவர்களுக்கும் கொடுத்தோம். இதை நான் மார்தட்டிச் சொன்னபோது என் மனைவி ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "அப்ப ஒரே ஜாக்கெட்ட அளவு மாத்தி மாத்தி ஊருக்கெல்லாம் குடுக்கிறீங்க. இதுக்கா இவ்ளோ பந்தா?" என்றாள்.

மலையில் வேலை செய்யும் ஒரு சின்ன அமைப்பு, பஸ் நேரத்தை போனில் சொல்கிற மாதிரி ஏதாவது செய்ய முடியுமா என்று என்னிடம் கேட்டது. மிஸ்டு கால் கொடுத்தால் திரும்ப அழைத்து, அடுத்த பஸ் எப்போது என்று சொல்ல வேண்டும். பஸ் விவரத்தை, ஊர் வைத்த பேரோடு, அமைப்பே எக்ஸ்எம்எல் கோப்பாக அனுப்பிக்கொண்டிருந்தது. போனில் பேசும் மென்பொருளும் எக்ஸ்எம்எல்தான் கேட்டது. இடையில் மாற்றித் தருவதற்கு என்னிடம் ஆள் இருக்கிறானே! ஒரே நாளில் விதிகளை எழுதிப் பூட்டிவிட்டேன்.

முதலில் மெஷின் குரல்தான் வைத்தேன். "ஆலங்காயம் செல்லும் பேருந்து..." என்று அது ஆரம்பித்ததும் ஜனங்கள் போனை வைத்துவிட்டார்கள். விளம்பரம் என்று நினைத்துவிட்டார்கள். என் மனைவிதான் ஒருநாள் மிஷினை நிறுத்திவிட்டு, "நவுருங்க, நான் சொல்றேன்" என்று வந்து உட்கார்ந்தாள். கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, வாசலில் இருந்த சேவலை மச்சான் வீட்டுக்கு அனுப்பி, துண்டு துண்டாகப் பேசிப் பதிவு செய்தோம். 'இன்னிக்கி', 'நேத்து பஸ்ஸு', 'பால் பஸ்ஸு', 'சந்த பஸ்ஸு', 'கெளம்பிடுச்சி', 'இன்னும் வரல', 'கொஞ்சம் லேட்டு', அப்புறம் மணிகள். எந்தத் துண்டுக்குப் பின் எந்தத் துண்டு என்று கோத்துக் கொடுப்பது காம்பொனென்ட் வேலை. சும்மா ஒப்பிக்கச் சொன்னால் அவளுக்கு வராது. யாரையோ பஸ்ஸுக்கு அனுப்புகிற பதற்றத்தோடுதான் ஒவ்வொன்றையும் சொன்னாள். 'கெளம்பிடுச்சி' என்று அவள் சொன்னால் கேட்கிறவனுக்குக் கால் தானாக எழும்.

முதல் நாள் ஒரு கூத்து நடந்தது. விடிகாலையில் நேத்து பஸ் ஊர் நடுவே இன்ஜினை உறுமிக்கொண்டு நிற்கிறது. போன் போட்டால் அப்படி ஒரு பஸ்ஸைப் பற்றிப் பேச்சே இல்லை. பால் பஸ்ஸுக்குத் தாவிவிடுகிறது. பூ மண்டிக்கு எழுதியபோது, நேற்றைய பூ விலையை இன்றைக்குச் சொல்லிவிடக் கூடாதே என்று, 'நேற்று', 'நேத்து' என்று ஆரம்பிக்கும் எதையும் பழசு என்று தள்ளிவிடும்படி செய்திருந்தேன். அதை விதி ஃபைலில் வைக்காமல் சோம்பலில் காம்பொனென்டின் வயிற்றுக்குள்ளேயே வைத்திருந்தேன். அது எங்கள் ஊர் பஸ்ஸையும் பழைய பூ என்று நினைத்து வீசிவிட்டது. அன்றைக்கே அதைப் பிடுங்கிப் பூ மண்டியின் விதி ஃபைலில் வைத்தேன். கண்டக்டர் தன் போனிலேயே கேட்டுப் பார்த்துவிட்டு, "இன்னா சார், நானே இல்லன்னு சொல்லுது?" என்றார். அதைச் சொல்லிச் சொல்லி என் மனைவி ஒரு வாரம் சிரித்தாள்.

அதன் பிறகு மலை முழுக்க அவள் குரல்தான். திருப்பத்தூரில் துணிக்கடையில் நூல் வாங்கும்போது, பக்கத்தில் நின்ற ஒரு பெண் திரும்பிப் பார்த்து, "நீங்க பஸ்ஸு அக்கா தானே?" என்று கேட்டாள். என் மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. வீடு வந்து சேரும்வரை எனக்கு அதே கதைதான். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. காம்பொனென்டைப் பற்றி அந்தப் பெண் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

பிறகு அவள் கழுத்தில் கட்டி வந்தது. தைராய்டு. வேலூரில் ஆபரேஷன். ஆபத்தான கட்டி இல்லை, ஆனால் எடுத்துவிட வேண்டும், எடுக்கும்போது குரலுக்குப் போகும் நரம்பு அசந்துபோக வாய்ப்பு உண்டு என்று டாக்டரம்மா முன்கூட்டியே சொன்னார். கையெழுத்துப் போடும்போது என் மனைவி, "குரல் போனா இவருக்குத்தான் நிம்மதி" என்று டாக்டரம்மாவையே சிரிக்க வைத்தாள்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. குரல்தான் போய்விட்டது. முழுக்கப் போகவில்லை. காற்றும் கரகரப்புமாக, ஈரத்துணியைத் தரையில் இழுப்பது போல ஒன்று வந்தது. பேசப் பேசத்தான் நரம்பு தேறும், வெட்கப்பட்டுப் பேசாமல் இருந்தால் இப்படியே நின்றுவிடக்கூடும், தினமும் சத்தம் போட்டுப் பேசவேண்டும் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்தவள் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

ஜாக்கெட் தைக்க வருகிறவர்களுக்கு டேப்பைக் காட்டுவாள், தலையை ஆட்டுவாள், ஸ்லேட்டில் கிழமையை எழுதிக் காட்டுவாள். போன் வந்தால் என்னிடம் நீட்டுவாள். என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் கத்தரிக்கோலால் மிஷின் பலகையில் டொக் டொக் என்று தட்டுவாள். அந்தச் சத்தம் எனக்கு அறவே பிடிக்காது. "வாயத் தொறந்து கூப்பிட்டா இன்னா?" என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன். அவள் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கெஞ்சியும் பார்த்தேன். பயிற்சிக்காகச் சொல்லச் சொன்ன ஒலிகளை நானே எதிரில் உட்கார்ந்து 'ஆ, ஈ' என்று கத்திக் காட்டினேன். தெருவில் போனவர்கள் எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று எட்டிப் பார்த்தார்கள்.

இதற்கெல்லாம் நடுவில் போனில் மட்டும் அவள் பேசிக்கொண்டே இருந்தாள். பழைய துண்டுகளை எடுத்து, கோத்து, காம்பொனென்ட் தினமும் புதுப்புது வாக்கியம் சொன்னது. மேல்தெருவில் ஒரு அத்தை உண்டு. பதிவு செய்தது, கோத்தது என்பதெல்லாம் அவருக்குப் புரியாது. ஒருநாள் வாசலில் நின்று, "போன்ல மட்டும் அவ்ளோ நல்லா பேசுற. எங்கிட்ட பேச உனக்கு இன்னாடி கேடு?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். என் மனைவி அழவில்லை. மிஷினை வேகமாக ஓட்டினாள். நான் எழுதியது எவ்வளவு ஒழுங்காக ஓடியதோ அவ்வளவுக்கு அவள் பேசவேண்டிய அவசியம் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில் மலைக்கு ஒரு புது பஸ் விட்டார்கள். பெயின்ட் வாசனை போகாத பஸ். மத்தியானம் ஏறி வரும், இரண்டு பேர் இறங்குவதற்குள் திருப்பிக்கொண்டு இறங்கிவிடும், ராத்திரி ஒருநாளும் தங்காது. ஒரே வாரத்தில் ஊர் அதற்கு 'மருமவ பஸ்' என்று பேர் வைத்துவிட்டது. பளபளவென்று வருகிறது, வந்த கையோடு அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறது, அதனால்.

பஸ் கோப்பில் புது டப்பா வந்துவிட்டது. அதற்கான துண்டு மட்டும் என்னிடம் இல்லை. 'மருமவ' என்று அவள் பதிவு செய்ததே கிடையாது.

முதலில் ஒட்டுப்போட்டுப் பார்த்தேன். 'மணி'யிலிருந்து ஒரு 'ம', 'வரல'யிலிருந்து ஒரு 'வ' என்று வெட்டி எடுத்துச் சேர்த்தால் விக்கல் எடுக்கிற பெண் மாதிரி இருந்தது. கம்பெனியில் கூட வேலை செய்யும் நண்பனிடம் புலம்பினேன். அவன், "இதுக்கு ஏன் மண்டைய ஒடைச்சிக்கிற? குரல காப்பியடிக்கிற டூல் இருக்கு. உன்கிட்ட இருக்கிற துண்டுங்க போதும், எந்த வார்த்தைய குடுத்தாலும் அவங்க குரல்லயே சொல்லும். உன் ரூல்ஸ்ல ஒரே ஒரு வரி மாத்து" என்றான்.

ஒரே ஒரு வரிதான். அதற்காகத்தானே விதிகளைத் தனியாக வைத்தேன்.

அவள் கிணற்றடியில் இருந்த ஒரு மத்தியான வேளையில் செய்து பார்த்தேன். 'மருமவ பஸ்ஸு கெளம்பிடுச்சி' என்று கொடுத்தேன். ஸ்பீக்கரில் வந்தது அவளேதான். அதே பதற்றம், அதே 'ம'வில் விழுகிற அழுத்தம். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. எவ்வளவு நாளாயிற்று அந்தக் குரலில் ஒரு புது வார்த்தை கேட்டு! முட்டாள்தனமாக, இதைக் கேட்டால் அவளுக்கும் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்து, ஈரக்கையோடு வந்தவளைப் பிடித்து உட்கார வைத்துப் போட்டுக் காட்டினேன்.

முழுதாகக் கேட்டாள். மறுபடி போடச் சொல்லிக் கையைக் காட்டினாள். மறுபடியும் கேட்டாள். பிறகு என்னைப் பார்த்து, அந்தக் கரகரத்த காற்றுக் குரலில், வாய்விட்டே கேட்டாள்.

"இத நான் எப்ப சொன்னேன்?"

நான் விளக்க ஆரம்பித்தேன். டூல், துண்டு, ஒரு வரி. அவள் கேட்கவில்லை.

"நான் சொல்லாததக்கூட இது சொல்லும்னா, இனிமே நான் எதுக்குங்க?"

ஆபரேஷனுக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான். அவள் எதிரிலேயே அந்தக் காப்பியை அழித்தேன். மாற்றிய வரியையும் பழையபடி ஆக்கினேன். அவள் எழுந்து போய் மிஷினில் உட்கார்ந்தாள், ஆனால் ஓட்டவில்லை.

அன்றைக்கு நான் ஒரு முடிவு எடுத்தேன். கோபத்தில் எடுத்தேனா ஆசையில் எடுத்தேனா என்று இப்போதும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. என் காம்பொனென்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு டப்பாவுக்குத் துண்டு கிடைக்கவில்லையென்றால் அடம்பிடித்து நிற்காது. அந்த இடத்தில் கொஞ்சம் மௌனம் வைத்துவிட்டு மேலே போகும். அப்படியே விட்டேன். மெஷின் குரல் போட்டிருக்கலாம், மச்சான் பெண்டாட்டியைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை பேசச் சொல்லியிருக்கலாம். போடவில்லை, சொல்லவில்லை. அந்த இடம் அவளுடையது, அவள் வரும்வரை காலியாக இருக்கட்டும் என்று வீம்பாக இருந்துவிட்டேன்.

மறுநாளிலிருந்து போன் போட்டவர்களுக்கு, "இன்னிக்கி..." என்று ஆரம்பித்து, ஒரு மூச்சு விடும் நேரம் ஒன்றுமே வராமல், "...கெளம்பிடுச்சி" என்று வந்தது. எது கிளம்பியது? ஊர் சும்மா இருக்குமா? அமைப்பிலிருந்து எனக்குப் போன் வந்தது. சரி செய்கிறேன் சார் என்று சொல்லிவிட்டு ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன். என் மனைவி மிஷினிலிருந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். கொக்கி வைக்காத ஜாக்கெட்டை யாராவது போட்டுக்கொண்டு போனால் அவள் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

இரண்டு மூன்று நாள் கழித்து, அவளோடு பள்ளிக்கூடத்தில் படித்த சிநேகிதி ஜாக்கெட் வாங்க வந்தாள். வாயாடி. வந்ததும் வராததுமாக போனை ஸ்பீக்கரில் போட்டு எல்லாருக்கும் கேட்க வைத்தாள். "இன்னிக்கி... ...கெளம்பிடுச்சி."

"இன்னாடி இது?" என்றாள் சிநேகிதி. "மத்த பஸ்ஸுக்கெல்லாம் பேரு சொல்ற. மருமவ பேர மட்டும் வாயில சொல்ல மாட்டேங்கிற. உங்க வூட்டுல இன்னா மாமியா சண்டையா?"

என் மனைவி சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொள்வதற்குள் வெளியே வந்துவிட்டது. தகரத்தைச் சுரண்டின மாதிரி ஒரு சிரிப்பு. சிநேகிதி ஒரு நொடி திகைத்துவிட்டு, "ஐயே, இன்னாடி இது, லாரி ஸ்டார்ட் ஆவுற மாதிரி" என்று தானும் சேர்ந்து சிரித்தாள். இரண்டு பேரும் மிஷின் மேல் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். பரிதாபப்பட்டுப் பேசின ஒருவராலும் முடியாததைச் சிநேகிதியின் கேலி செய்துவிட்டது.

சிநேகிதி போனதும் என் மனைவி ஃபேனை நிறுத்தினாள். கதவைச் சாத்தினாள். "எடுங்க" என்றாள். நான் மைக்கை எடுத்து வைத்தேன். 'மருமவ பஸ்ஸு' என்று சொன்னாள். காற்றுப் பிய்த்துக்கொண்டு போயிற்று. திரும்பச் சொன்னாள். இன்னும் ஒருமுறை. நான் போதும் என்றேன். "நீங்க இருங்க" என்று மறுபடி சொன்னாள்.

அந்தத் துண்டைக் காம்பொனென்ட் ஒரு முனகலும் இல்லாமல் எடுத்துக்கொண்டது. அதற்குக் குரல் புதுசா பழசா என்று தெரியாது. ஊருக்குத் தெரிந்தது. 'இன்னிக்கி' என்று கணீரென்று ஒருத்தி ஆரம்பிக்க, நடுவில் கரகரவென்று இன்னொருத்தி புகுந்து 'மருமவ பஸ்ஸு' என்று சொல்ல, முதல் ஆள் 'கெளம்பிடுச்சி' என்று முடித்தாள். "இன்னா மாப்ள, ரெண்டாவது ஒன்னு வச்சிகினு கீறியா?" என்று டீக்கடையில் என்னைக் கேட்டார்கள். அதை வீட்டில் வந்து சொன்னேன். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "எல்லாத்தயும் மறுபடி எடுத்துடலாம்" என்றாள்.

பல நாள் ஆயிற்று. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வார்த்தைதான் நன்றாக வரும், அதற்குள் தொண்டை களைத்துவிடும். எடுக்க எடுக்கப் பேச்சு கூடியது. பதிவுக்கு முன்னால் பேசிப் பழக வேண்டும் என்று சாக்கு வைத்து ஜாக்கெட்காரிகளிடம் பேசினாள், மேல்தெரு அத்தையிடம் போய் உட்கார்ந்து பேசினாள், என்னைத் திட்டினாள். குரல் பழையபடி ஆகவில்லை. ஆகாது என்று இப்போது எங்களுக்குத் தெரியும். கனத்து, கொஞ்சம் ஆண்குரல் கலந்த மாதிரி ஒன்று தங்கியிருக்கிறது. எனக்குப் பிடித்திருக்கிறது. அவளிடமும் சொல்லிவிட்டேன்.

கடைசித் துண்டும் மாற்றியான அன்றைக்கு, பழைய துண்டுகள் இருந்த ஃபோல்டரை என்ன செய்வது என்று கேட்டேன். "ஒரு வாட்டி போடுங்க" என்றாள். வரிசையாக எல்லாவற்றையும் போட்டேன். மடியில் துணியை வைத்துக்கொண்டு, யாரோ வீட்டுக்கு வந்திருக்கும் சொந்தக்காரப் பெண்ணைப் பார்ப்பது போல ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"நல்லாத்தான் பேசிக்கீறா" என்றாள்.

"அழிச்சிடட்டுமா?" என்று கேட்டேன்.

"எதுக்கு அழிக்கணும்? இருந்துட்டுப் போறா, பாவம். ஆனா ஊருக்கு பஸ்ஸு நான்தான் சொல்லுவேன்."